சுழலும் தலையில் ஒரு துளி அழுக்கு

1990களில் நம் ஊர்க் கல்யாண வீடுகளில், தோளில் சுமந்து படமெடுக்கும் பெரிய வீடியோ கேமராவை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். சிறுவயதில் அதன் கண்கூசும் விளக்கின் முன் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றும் இருக்கலாம். அன்று பதிவான கேசட் இன்னும் உங்கள் அலமாரியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கேமராவோ, ‘டெக்கு’ என்று நாம் அழைத்துவந்த ஒளிநாடாக் கருவியோ எங்கிருந்தோ கிடைக்கிறது. கேசட்டைச் செருகி ஓட்டுகிறீர்கள். நாதஸ்வரம் கேட்கிறது. தவில் கேட்கிறது. பந்தியில் யாரோ ஒரு பெரியவர் சாம்பார் கேட்டுக் குரல் கொடுப்பதுகூடக் கேட்கிறது. ஆனால் திரையில் மணமக்களைக் காணோம். அரிசியை வாரி இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள்தாம் தெரிகின்றன.

கேசட் அழிந்துவிட்டது என்று எண்ணி அதைக் குப்பையில் போட்டவர்கள் பலர். ஒலி ஒழுங்காக இருக்க ஒளி மட்டும் எப்படி அழியும் என்று அவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். இத்தகைய நிலையில் பழுது பெரும்பாலும் நாடாவில் இருப்பதில்லை. ‘ஹெட்’ என்று கடைக்காரர்கள் கூறும் காந்தத் தலையில் ஒட்டிக்கொண்ட அழுக்குத்தான் காரணம். கண்ணுக்கே தெரியாத அந்த அழுக்கு, ஒலியை விட்டுவிட்டு ஒளியை மட்டும் ஏன் விழுங்குகிறது? இதற்கு விடை காண வேண்டுமாயின் காந்தப் பதிவின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்தக் கதை முழுவதும், தலையையும் நாடாவையும் மேன்மேலும் நெருங்க வைத்த கதையே ஆகும்.

கம்பியில் பிறந்த குரல்

ஒலியைக் காந்தமாக மாற்றிச் சேமிக்கலாம் என்ற எண்ணத்தை 1888ஆம் ஆண்டிலேயே ஓபர்லின் ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு இதழில் எழுதி வெளியிட்டார். செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டெமார் பால்சன். 1898இல் அவர் உரிமம் கோரிய ‘டெலிகிராஃபோன்’ கருவியில் எஃகுக் கம்பி ஓடியது. ஒரு சிறு மின்காந்தம் அக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேச்சின் மின்னோட்டம் மின்காந்தத்தில் ஏறி இறங்கும்போது, ஓடும் கம்பியில் அதற்கேற்ப வலுவான காந்தமும் வலுக்குறைந்த காந்தமும் வரிசையாகப் பதிந்தன. திரும்ப ஓட்டும்போது ஃபாரடே கண்ட தூண்டல் விதிப்படி அதே சுருளில் மின்னழுத்தம் பிறந்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் இக்கருவியில் பேசினார். அந்தக் குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது.

கம்பிக்குப் பதிலாக நாடா வந்தது ஜெர்மனியில். சிகரெட்டுத் தாளில் உலோகப் பட்டை ஒட்டும் தொழிலில் கைதேர்ந்திருந்த பிரிட்ஸ் புளோய்மர், 1928இல் இரும்புத் தூளைத் தாளின்மேல் பூசிக் காந்த நாடா செய்தார். ஆனால் தாள் மெல்லியது. அன்றைய தலைகளோ கூர்முனை கொண்டவை, நாடாவைக் கீறிவிடும். இதற்கு மாற்றுக் கண்டவர் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் எடுவார்ட் ஷுல்லர். 1933இல் அவர் வளையம்போன்ற தலையை அமைத்தார். வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் மயிரிழையினும் மெல்லிய பிளவு. காந்தப்புலம் அந்தப் பிளவில் வெளியே சற்றே பிதுங்கி நாடாவைத் தொடும். தலையின் வழுவழுப்பான முதுகின்மேல் நாடா வழுக்கிச் செல்லும். இன்றுவரை நாடாக் கருவிகளில் உள்ள தலைகள் எல்லாம் ஷுல்லரின் வளையத்தின் வழிவந்தவையே. இவருடைய பெயர் நினைவிருக்கட்டும். இன்னொரு முறை வரப்போகிறது.

1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னடோஃபோன்’ வெளிவந்தது. போர் முடிந்தபின் ஜாக் முல்லின் என்ற அமெரிக்கப் படைப் பொறியாளர் இரண்டு மேக்னடோஃபோன்களைப் பிரித்துத் தாய்நாட்டுக்கு அனுப்பி, 1946இல் சான்பிரான்சிஸ்கோவில் ஓட்டிக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பி பணம் கொடுத்து உதவ, ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1948இல் ஒலிநாடாக் கருவிகளை விற்கத் தொடங்கியது. ஒலியின் கதை இத்துடன் ஏறக்குறைய முடிந்தது எனலாம். தொல்லை ஒளியில்தான் தொடங்கியது.

ரயில் வேகத்தில் ஓட வேண்டிய நாடா

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாடாவில் ஓர் அலை பிடிக்கும் நீளம் என்பது, நாடாவின் வேகத்தை அலையின் அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பதாகும். சாதாரண ஒலிக் கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. அதில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி 4.76 மைக்ரான் நீளத்தில் பதிகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொலைக்காட்சிப் படத்துக்கோ 50 லட்சம் ஹெர்ட்ஸ் அளவுக்கு அதிர்வெண் தேவை. அதே அலைநீளத்தில் படத்தைப் பதிக்க வேண்டுமானால் நாடாவை 500 மடங்கு வேகமாக, அதாவது மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட வேண்டும். விரைவு ரயிலின் வேகம் இது!

அதையும் முயன்று பார்த்தவர்கள் உண்டு. பி.பி.சி. பொறியாளர்கள் 1952இல் தொடங்கி உருவாக்கிய ‘வேரா’ என்ற கருவியில் நாடா விநாடிக்கு 5 மீட்டருக்கும் மேல் பறந்தது. கால் மணி நேர நிகழ்ச்சிக்கு நாலரைக் கிலோமீட்டர் நாடா. 1958 ஏப்ரலில் அதை நேயர்களுக்கு ஒளிபரப்பியும் காட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவில் வேறொரு குழு அதைப் பயனற்றதாக்கி விட்டிருந்தது. எனக்கு என்னவோ வேராவின்மேல் ஒரு பரிவு உண்டு. தவறான வழியை அவ்வளவு நேர்த்தியாக முடித்துக் காட்டியவர்கள் அவர்கள்.

சரியான வழியைக் கண்ட குழு ஆம்பெக்ஸில் சார்லஸ் கின்ஸ்பர்க்கின் தலைமையில் இயங்கியது. சார்லஸ் ஆண்டர்சன், பிரெட் போஸ்ட், அலெக்ஸ் மாக்சி, ஷெல்பி ஹெண்டர்சன் ஆகியோருடன், பத்தொன்பது வயது மாணவராகச் சேர்ந்த ரே டால்பியும் அதில் இருந்தார். ஆம், பின்னாளில் திரையரங்கு ஒலிக்குத் தம் பெயரைத் தந்த டால்பியேதான். இவர்கள் பிடித்துக்கொண்ட கருத்து எளியது: நாடா வேகமாக ஓட முடியாவிட்டால் தலை ஓடட்டும். இரண்டு அங்குல அகல நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் என்று மெதுவாகவே நகர்ந்தது. அதன் குறுக்கே நான்கு தலைகள் பொருத்திய ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 14,400 தடவை சுழன்றது. தலைக்கும் நாடாவுக்கும் இடையேயான வேகம் விநாடிக்கு 40 மீட்டரை நெருங்கியது. 1956 ஏப்ரல் 14 அன்று சிகாகோவில், அப்போதுதான் பேசி முடித்த ஒருவரின் உருவத்தை அவர் கண்முன்னேயே திரும்பக் காட்டியபோது கூடியிருந்தோர் எழுந்து ஆரவாரம் செய்தனராம். அதே ஆண்டு நவம்பர் 30 முதல் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதை ஒளிபரப்பில் பயன்படுத்தியது.

ஆரவாரம் அடங்கியபின் தொழில்நுட்பப் பணியாளர்களுக்குக் கிடைத்தது ஓயாத வேலை. சுழலும் தலைகள் நாடாவை வெறுமனே தொடவில்லை. அழுத்தித் தேய்த்துக்கொண்டு போயின. தலையும் தேய்ந்தது, நாடாவின் பூச்சும் உதிர்ந்தது. உதிர்ந்த தூள் தலையின் பிளவிலேயே போய் ஒட்டிக்கொண்டது. முதற் கருவிகளில் தலைகள் ஒன்றுபோல் அமையாததால், எந்தத் தலைச் சக்கரத்தில் பதிந்ததோ அதே சக்கரத்தில்தான் நாடாவை ஓட்டியாக வேண்டும் என்ற நிலையும் இருந்தது. ஆகவே நிகழ்ச்சிக்கு முன் தலையைத் துடைப்பது தொலைக்காட்சி நிலையங்களில் அன்றாடக் கடமை ஆயிற்று. பிற்காலத்தில் ‘ஃபிரியான் டி.எஃப்.’ என்ற நீர்மம் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. எரியாது, விரைவில் உலரும், சுவடு விடாது. இதைவிட வேறென்ன வேண்டும்? அது குளோரோஃபுளோரோகார்பன் வகையைச் சேர்ந்தது என்பதும், அவ்வகைப் பொருள்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கின்றன என்பதும் பின்னர் தெரியவந்தன. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பின் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அந்த இடத்தைப் பிடித்தது.

வாலஸின் விதி

இங்கே சற்று நின்று இயற்பியலைப் பார்ப்போம். கல்யாணக் கேசட்டின் மர்மம் இதில்தான் அவிழ்கிறது.

நாடாவில் பதிந்துள்ள அலை என்பது வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று அடுக்கி வைத்த மிகச் சிறிய காந்தங்களின் வரிசையே. வடக்கும் தெற்கும் அருகருகே இருப்பதால், நாடாவை விட்டு மேலே போகப் போக ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். காந்தங்கள் எவ்வளவு குட்டையானவையோ அவ்வளவு விரைவாகப் புலம் மறையும். இதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். எல். வாலஸ் 1951இல் கணக்கிட்டுக் காட்டினார். தலை ஓர் அலைநீள அளவு நாடாவிலிருந்து விலகினால் கிடைக்கும் மின்னழுத்தம் 535இல் ஒரு பங்காகக் குறையும். அவருடைய விதியில் ‘எத்தனை மைக்ரான் விலகல்’ என்பது தனியாக முக்கியமில்லை. ‘அலைநீளத்தில் எத்தனை பங்கு விலகல்’ என்பதே முக்கியம்.

நம் வீட்டு வி.எச்.எஸ். கேசட்டுக்கு வருவோம். அதில் ஒலி, நாடாவின் ஓரத்தில் அசையாத தனித் தலையால் பதியப்படுகிறது. நாடாவின் வேகம் விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர், 1,000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 23 மைக்ரான் நீளம் பிடிக்கும். படத்தைப் பதிக்கும் தலைகளோ 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் விநாடிக்கு 25 தடவை சுழல்கின்றன. படத்தின் மிகக் குறுகிய அலை ஏறத்தாழ 1 மைக்ரான்தான். இப்போது இரண்டு தலைகளின்மேலும் அரை மைக்ரான் கனத்துக்கு அழுக்கு படிந்துள்ளதாகக் கொள்வோம். நம் தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட அது இராது. ஒலி எட்டில் ஒரு பங்கு குறையும். காது அதை அறியாது. படமோ இருபத்து மூன்றில் ஒரு பங்காகிவிடும். நாதஸ்வரம் கேட்கிறது, மணமக்களைக் காணோம் என்பதன் காரணம் இவ்வளவே.

சிறிய கேமரா, பெரிய தொல்லை

நாடாவின் குறுக்கே வெட்டாமல் சாய்வாகத் தலையை ஓட்டினால் ஒவ்வொரு கோடும் நீளமாகும், கருவி எளிமையாகும் என்று 1953இலேயே ஜெர்மனியில் ஒருவர் உரிமம் கோரினார். அவர் வேறு யாருமல்லர். வளையத் தலை செய்த அதே ஷுல்லர்தான். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் சவாசாகி 1959இல் இம்முறையில் கருவி செய்து காட்டினார். 1971இல் யூ-மேட்டிக், 1975இல் பீட்டாமேக்ஸ், 1976இல் வி.எச்.எஸ். என்று கேசட்டுகள் வீட்டுக்குள் நுழைந்தன. 1983இல் கேமராவும் பதிவுக் கருவியும் ஒன்றான ‘பீட்டாமூவி’யைச் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பதியலாம், திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாது! 1985இல் கைக்கு அடக்கமான எட்டு மில்லிமீட்டர் நாடாக் கேமராவும், 1995இல் அதனினும் சிறிய மினி டி.வி. என்ற இலக்க முறைக் கேமராவும் வந்தன.

ஒவ்வொரு படியிலும் நாடா குறுகியது, அலைநீளமும் குறுகியது. எட்டு மில்லிமீட்டர் நாடாவில் அது சுமார் 0.6 மைக்ரான், மினி டி.வி.யில் 0.5 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவு. மினி டி.வி. உருளையின் விட்டம் 21.7 மில்லிமீட்டர்தான், ஆனால் நிமிடத்துக்கு 9,000 சுற்று. முன்னே சொன்ன அதே அரை மைக்ரான் அழுக்கு எட்டு மில்லிமீட்டர் கேமராவில் மின்னழுத்தத்தை இருநூறில் ஒரு பங்காகவும், மினி டி.வி.யில் அறுநூறில் ஒரு பங்காகவும் ஆக்கிவிடும். கேமரா கைக்குள் அடங்கியதற்கு நாம் கொடுத்த விலை இது. விளம்பரங்களில் இதை யாரும் சொல்லவில்லை.

என் தாய்மாமன் 1990களின் நடுவில் வளைகுடாவிலிருந்து ஒரு எட்டு மில்லிமீட்டர் கேமரா கொண்டுவந்தார். அதில் எடுத்த ஒரு 90 நிமிட நாடாவில் என் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, தம் கல்யாணத்துக்கு மாட்டு வண்டியில் வந்த கதையைச் சொல்கிறார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் குரல் வேறெங்கும் பதியப்படவில்லை. இவ்வகைக் கேமராவில் ஒலியையும் சுழலும் தலைகளே பதிக்கின்றன; எனவே தலை அழுக்கானால் படத்தோடு குரலும் இரைச்சலாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டியபோது அப்படித்தான் ஆயிற்று. நகரில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் பஞ்சுக் குச்சியால் மேலும் கீழுமாகத் தேய்த்து ஒரு தலையை உடைத்தே விட்டார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. தலையின் முனை உருளையை விட்டுச் சில பத்து மைக்ரானே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது பீங்கானைப் போல் எளிதில் நொறுங்கும் ஃபெர்ரைட்டால் ஆனது. பஞ்சின் இழை அதில் சிக்கினால் முனை பெயர்ந்து வந்துவிடும். பல மாதம் தேடி அதே வகையில் இன்னொரு பழைய கேமரா வாங்கினேன்.

இம்முறை நானே துடைத்தேன். உங்களிடம் இத்தகைய கேமரா இருந்தால் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். மின்னணுச் சாமான் கடைகளில் ‘ஐ.பி.ஏ.’ என்று கேட்டால் தண்ணீர் கலவாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் பிறவும் கலந்திருக்கலாம், அது வேண்டாம். இழை உதிராத மெல்லிய மான்தோல் துண்டை, கடைகளில் ‘ஷாமாய்’ என்பார்கள், அதில் நனைத்து உருளையின் பக்கத்தில் மெதுவாகப் பொருந்த வையுங்கள். பிறகு துண்டை அசைக்கவே கூடாது. உருளையின் மேல்விளிம்பை விரல்நுனியால் பிடித்து, உருளையைத்தான் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். தலைகள் தாமே வந்து துண்டில் உரசிச் செல்லும். மேலும் கீழும் தேய்க்கலாகாது. உருளையின் பக்கவாட்டில் விரல் படக்கூடாது. கை எண்ணெயும் அழுக்குத்தான். முழுதும் உலர அரை மணி நேரமாவது விட்டபின் கேசட்டைப் போடலாம். கடைகளில் விற்கும் உலர் துடைப்புக் கேசட் உப்புத்தாளைப் போன்றது. சில விநாடிகளுக்கு மேல் ஓட்டினால் அழுக்கோடு தலையும் தேயும்.

நாடாவையும் பார்த்துவிட்டே போட வேண்டும். ஓரங்களில் வெண்மையாகப் பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள். அது கருவி முழுவதும் பரவும். தூளை நாடாவுடன் ஒட்டிவைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தால் சிதையக் கூடியது. கடலோர ஊர்களில் வைத்திருந்த நாடாக்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பசை சிதைந்த நாடா ஓடும்போதெல்லாம் தலையை அழுக்காக்கிக் கொண்டே இருக்கும்.

இதில் காலதாமதம் செய்வதற்கும் இடமில்லை. உலகில் வி.எச்.எஸ். கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. 2019இல் யுனெஸ்கோ, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கத்துடன் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2025ஆம் ஆண்டளவில் காந்த நாடாக்களை ஓட்டிப் படியெடுப்பது வழக்கமான பணியாக இருக்க முடியாமற் போகும் என்பது காப்பகத்தாரின் கணிப்பு என்று அதில் கூறப்பட்டது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. நாடா இன்னும் சில காலம் தாங்கலாம். அதைப் படிக்கும் தலைகள் புதிதாக வரப்போவதில்லை. உங்களிடம் ஒரு கேமரா ஓடுகிறதென்றால், அது ஓடும்போதே கணினிக்குப் படியெடுத்துவிடுங்கள்.

அப்பத்தாவின் நாடாவைப் படியெடுக்கும்போது பத்தாவது நிமிடத்தில் படம் மங்கத் தொடங்கியது. நிறுத்தினேன், துடைத்தேன், உலரவிட்டேன். மீண்டும் முப்பத்தைந்தாம் நிமிடத்தில் புள்ளிகள். பிறகு மாட்டு வண்டி ஆற்றில் இறங்கும் இடத்தில் குரல் கரகரத்தது, மறுபடியும் துடைத்தேன். முழு நாடாவும் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியாகப் போயிற்று. ஷாமாய் துண்டில் நான்கு மெல்லிய கரிய கோடுகள் இருந்தன.